பட்டாளத்துச் சாமியார்

தனேஷுக்கு நல்ல மனசு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. சிலிபின் பகுதியில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, தேர்தல் என்று எது வந்தாலும் மனிதர்களை ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கி வேலியில் கட்டிவிடுவான். அமெரிக்காவில் சாமியாராக இருக்கும் பெரியம்மா மகன் கென்னத் ஐந்து வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறான் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா? புதன்கிழமை காலையிலேயே பத்தடி பேனரைக் கொண்டுவந்து பெரியம்மா வீட்டு முன்வேலியில் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தான்.

இருதயமேரி பசாரிலிருந்து இரண்டு கோழியும் ஒரு கட்டு கங்குங் கீரையுமாக வந்துகொண்டிருந்தாள். தெருமுனையிலேயே மகன் முகம் தெரிந்துவிட்டது. பூரித்துப்போனாள். கிட்ட வர வரத்தான் முகத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் கண்ணில் பட்டது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பட்டாளத்து உடுப்பு. கழுத்தில் ஊதா நிறத்தில் பூசைப் பட்டி. முன்னால் ஒரு ஜீப்பு. அதன் மூக்கின் மேல் வெள்ளைத் துணி விரித்துப் பூசைப் பாத்திரம் வைத்திருந்தது. சுற்றிலும் முடியை ஒட்ட வெட்டிய பையன்கள் முட்டிபோட்டிருந்தார்கள். ஒவ்வொருவன் பக்கத்திலும் ஒரு துப்பாக்கி தரையில் கிடந்தது.

கோழிப் பை கையை விட்டு நழுவி ரோட்டில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"எங்கேர்ந்துடா புடிச்ச இந்தப் படத்த?" என்று கேட்டாள்.

"பேஸ்புக்குல பெரியம்மா. அண்ணன் போட்டது இல்ல, அவரு கூட்டாளி யாரோ போட்டது. இருக்கறதுலயே இதான் கிளியரா இருந்துச்சு. மத்ததெல்லாம் பெருசாக்கினா முகம் உடைஞ்சிருது லா." ஏணியில் நின்றபடி தனேஷ் பெருமையாகச் சிரித்தான். நாடகத்துக்கு வேஷம் போட்ட படம் என்று நினைத்துக்கொண்டானோ, அமெரிக்காவில் சாமியார்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டானோ, அவனுக்கே வெளிச்சம்.

அவள் புருஷன் மத்தியாஸ் பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். எழுபது வயதிலும் புல் வெட்டும் மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுவீட்டாகப் போகிறவர். தெருவில் அவரைப்போல சாது கிடையாது என்பார்கள். செமோர் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிய காலத்திலிருந்தே கிறிஸ்மஸுக்குக் கோழி அறுக்கிற நேரம் மனிதர் ஆற்றுப் பக்கம் போய்விடுவார். இருதயமேரிதான் அறுப்பாள். ஆம்பளையா இவரு என்று லயத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அவர் பேனரின் முன் நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தார். 'எங்கள் மண்ணின் மைந்தர் அருட்தந்தை கென்னத் மத்தியாஸ் அவர்களே வருக வருக' என்பதை உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து நாலு கயிற்றையும் அறுத்து, பேனரைப் பாய் மாதிரி சுருட்டித் தனேஷ் கையில் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போயிரு தனேசு" என்றார். கோபமே இல்லாத குரல்.

கென்னத் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். அக்காள் வலேரி கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவந்தாள். வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தான் என்றாள். சாமியார் மகன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் பெற்றவள் முட்டிபோட்டு ஆசீர்வாதம் வாங்குவது அந்தக் குடும்பங்களில் வழக்கம். முதலில் சாமி, அப்புறம்தான் பிள்ளை. போன தடவை இருதயமேரி வாசல்படியிலேயே முட்டிபோட்டாள், தெருவே பார்த்தது. இந்தத் தடவை நின்றுகொண்டே இருந்தாள்.

"நீ அஸ்கார்ல, பட்டாளத்துல சேந்துட்டியா?" என்று கேட்டாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கென்னத் அக்காளைப் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "மூணு வருசமாச்சும்மா" என்றான்.

"பங்குக் கோயில்ல வயசுப் பிள்ளைங்க ஜாஸ்தின்னு சொன்னியே. நான் ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கேனே."

"அது பொய் இல்லம்மா. எல்லாம் இருவது, இருவத்திரண்டு வயசுப் பிள்ளைங்கதான்."

இருதயமேரிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பொய் சொல்லாமலே ஏமாற்றுவதற்குத்தான் பத்து வருஷம் செமினரியில் படித்தானா என்று கேட்டாள். அந்த ஊர்க் குடியுரிமை எடுத்ததையும் அப்போதுதான் சொன்னான். அதில்லாமல் சேர்க்க மாட்டார்களாம். அழுதாள். அழுதுகொண்டே தண்ணீர் மோந்து கொடுத்தாள். கென்னத் பொறுமையாக விளக்கினான். பட்டாளத்துச் சாமியார் துப்பாக்கியைத் தொடக் கூடாது, அது சட்டம். பூசை வைப்பது, பூசையில் நன்மை அப்பம் கொடுப்பது, அடிபட்டவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இதுதான் வேலை. சண்டை நல்லது என்று அவன் எங்கேயும் பிரசங்கம் வைத்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் சாகிற நேரத்தில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டாமா?

மத்தியாஸ் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து மகனை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாமி என்பார், வாங்க போங்க என்பார்.

"தோட்டத்துல ஆண்டவரப் புடிக்க வந்தப்ப சீடரு இராயப்பரு கத்தியத் தூக்குனாரு. கீழ போடுன்னாரு ஆண்டவரு. அந்தக் கத்திக்குப் பக்கத்துல நின்னு பூசை வைக்கறதுக்கு ஒரு ஆளு போடல, சாமி."

"அப்பா, நான் கத்திக்குப் பூசை வைக்கல. கத்தி வச்சிருக்கறவனுக்கு வைக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை கோயில்ல உங்க பூசைன்னு அறிவிச்சிருக்காங்க. வைங்க. நான் வரல."

சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மிச்சமிருந்த புல் அவ்வளவும் சாயங்காலத்துக்குள் தரையோடு தரையாகப் போனது.

வியாழனும் வெள்ளியும் வீட்டு முன்னால் ஒரே கூட்டம். அமெரிக்கச் சாமியார் வந்திருக்கிறார் என்றதும் ஆளாளுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், மந்திரித்துத் தரச் சொல்லி. புது மைவி, பழைய புரோட்டோன், கிராப் ஓட்டுகிறவனின் கார், கறிபாப் பலகாரம் விற்கிற வண்டி எல்லாவற்றுக்கும் கென்னத் தீர்த்தம் தெளித்தான். எதிர்வீட்டு அர்ச்சுனன் தன் லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் தயாராக வைத்துவிட்டார். மாரியம்மன் கோயிலில் போன வாரம்தான் பூசை போட்டார். இருந்தாலும் ரெண்டு பக்கமும் சொல்லிவைத்தால் நல்லதுதானே என்றார். இருதயமேரி சிரித்துக்கொண்டே வந்தவர்களுக்கெல்லாம் வடையும் தேத்தண்ணியும் கொடுத்தாள். உள்ளே அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மத்தியாஸ் மகனோடு ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும் இடத்தில் தின்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பொறுக்கமாட்டாமல் பிடித்துக்கொண்டாள். பெற்ற அப்பன் இல்லாமல் மகன் பூசை வைத்தால் ஊர் என்ன பேசும்? எட்டு வருஷத்துக்கு முன்னால் கென்னத் குருப்பட்டம் வாங்கி வந்து வைத்த முதல் பூசையிலும் இப்படித்தானே செய்தீர்கள்? எல்லோரும் மகன் கையால் நன்மை வாங்க வரிசையில் நின்றபோது நீங்கள் வெளியே நின்று கார்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தீர்கள். கட்டிய நாளிலிருந்து உங்கள் நாக்கில் நன்மை பட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் 'நான் சரியில்ல மேரி' என்று ஒரு பதில். குடியால் என்று நினைத்தேன். குடியை விட்டு முப்பது வருஷம் ஆச்சே, இன்னும் என்ன சரியில்லை?

அவர் மெசினின் பிளேடைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கிழமை போறான்" என்றாள் அவள். "ஆறு மாசத்துல அவங்க ஆளுங்கள எங்கேயோ அனுப்புறாங்களாம். எந்த ஊருன்னு சொல்லக் கூடாதாம். போயிட்டுத் திரும்பி வருவானோ மாட்டானோ. ஒரு நாளு அவன் முன்னால வந்து உக்காந்தா கொறைஞ்சா போயிருவீங்க?"

"வந்தா சும்மா உக்கார முடியாது மேரி" என்றார். மறுபடியும் பிளேடைத் துடைக்க ஆரம்பித்தார். கல்லோடு பேசினாலும் இதைவிட மரியாதையாகப் பதில் வரும் என்று அவள் தனக்குள் திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சுண்ணாம்பு மலைகள் மறைந்துபோயின. மழை தகரத்தில் இறங்கியதும் பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது என்றாகிவிட்டது. இருதயமேரி பின்கட்டு அடுப்பில் கோழிப் பிரட்டலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கென்னத்துக்குச் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. அரிசி கழுவுகிறேன் என்று அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடியில் குந்தினான். ஒலிவ் பச்சையில் ஒரு டீசட்டை, பட்டாளத்தில் கொடுத்தது. துவைத்ததெல்லாம் மழையில் காயவில்லை, கையில் கிடைத்ததைப் போட்டிருந்தான்.

சாரல் சற்றுக் குறைந்த நேரத்தில் மத்தியாஸ் பின்கதவு வழியாகச் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். மெசினை இறக்கி வைத்தார். நிமிர்ந்தார். கென்னத் அரிசியை அலசி வெள்ளைத் தண்ணீரை லோங்காங் சாக்கடையில் சாய்த்துவிட்டு, காலடி கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சு வலியோ என்று பயந்து இருதயமேரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அவனும் இப்பிடித்தான் குந்தியிருந்தான்" என்றார்.

"யாருங்க?"

"அந்தப் பையன். ஆத்துல. அரிசி கழுவிக்கிட்டு."

அவள் ஒன்றும் புரியாமல் மகனைப் பார்த்தாள். மத்தியாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஒரு தடவை ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் கிரிக் பக்கம் காட்டில் ரோடு போடுகிற வேலையில் இருந்தேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். அது பொய். பத்தொன்பது வயதில் எஸ்டேட் பிடிக்காமல் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தார். எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடித் திரிந்த காலம். ஓர் ஆற்றங்கரையில் இரண்டு நாளாகப் படுத்துக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் விடிகாலையில் ஒரு சீனப் பையன் வந்தான். அவர் வயசுதான் இருக்கும். துப்பாக்கியைக் கிளையில் மாட்டிவிட்டு ஒரு டின்னில் அரிசியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் குந்தினான்.

"நான் கீழ படுத்திருந்தேன். அவன் கழுவின தண்ணி வெள்ளையா எங்கிட்ட வந்துச்சு. கூப்பிட்டிருக்கலாம். கையத் தூக்குடான்னு சொல்லியிருக்கலாம். துப்பாக்கி எட்டடி தள்ளித் தொங்குது, அவனால எடுக்க முடியாது. எனக்குத் தெரியும். அவன் தலையத் தூக்கி என்னையப் பாத்தான். பாத்ததுக்கு அப்பறந்தான் சுட்டேன். பாக்காம இருக்கறப்ப சுடல. பாத்தப்பறம்."

இருதயமேரி ஓர் அடி பின்வாங்கினாள். நாற்பத்து மூன்று வருஷம் இந்த மனிதன் பக்கத்தில் படுத்திருக்கிறாள். மூன்று பிள்ளை பெற்று ஒன்றைப் புதைத்திருக்கிறாள். கோழி அறுக்கத் தெரியாதவர் என்று சிரித்திருக்கிறாள். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, அப்போது வந்தது பயம்தான். அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

கென்னத் சட்டியை மடியில் வைத்தபடி அசையாமல் குந்தியிருந்தான். மெதுவாகப் பேசினான். பேச்சு சட்டென்று வேறு மாதிரி ஆகிவிட்டது. பல தடவை சொல்லிப் பழகியவன் பேச்சு. "அப்பா, அது சண்டை நேரம். அவன் கையிலயும் துப்பாக்கி இருந்திருக்கும். உங்களுக்கு உத்தரவு. மனசாட்சிப்படி நீங்க கடமையச் செஞ்சீங்க. அதப் பாவம்னு திருச்சபை..."

"இதத்தான் அவரும் சொன்னாரு."

"யாரு?"

"கேம்புக்கு மாசத்துக்கு ஒரு தடவ வயசான வெள்ளைக்காரச் சாமியாரு வருவாரு. நல்ல மனுசன். எங்க நாலஞ்சு வேதக்காரங்களுக்குப் பூசை வைப்பாரு. நான் போய் முட்டிபோட்டு இதச் சொன்னேன். அது பாவமில்ல மகனே, கடமைன்னாரு. வேற என்னன்னு கேட்டாரு." மத்தியாஸ் முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "வேற என்னத்தச் சொல்றது? ரெண்டு வாரம் பூசைக்குப் போகல, கெட்ட வார்த்த பேசினேன்னு சொன்னேன். அதுக்கு மன்னிப்புக் குடுத்தாரு. இது அப்பிடியே நின்னுபோச்சு. பாவமே இல்லைன்னா யாருகிட்ட மன்னிப்புக் கேக்கறது? அவன் செத்தது என்ன கணக்குல சேருது? வெளிய வந்தப்பறம் இன்னும் ரெண்டு சாமியாருங்ககிட்ட கேட்டேன். ரெண்டு பேரும் இதே பதிலு. அப்பறம் கேக்கறதையே விட்டுட்டேன். எம்பிள்ள சாமியாராப் போறேன்னு சொன்னப்ப, மாதாவே, என்னைக்காச்சும் இவங்கிட்ட கேக்கலாம்னு நெனைச்சேன். புதன்கிழமை அந்தப் படத்துல பாத்தா, நீங்களும் அவரு எடத்துல நிக்கிறீங்க."

கோழி அடிப்பிடித்து வாசம் வந்தது. யாரும் அடுப்பைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சாமி. பாவமா, இல்லையா?"

கென்னத் சட்டியிலிருந்த அரிசியைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அவன் கையத் தூக்கினானாப்பா?"

"கையில அரிசி இருந்துச்சு."

கென்னத் சட்டியைக் கீழே வைத்தான். எழுந்தான். அப்பாவின் நனைந்த தோளைப் பிடித்துக்கொண்டான்.

"பாவந்தாம்ப்பா" என்றான். "பெரிய பாவம்."

மத்தியாஸ் உடைந்துபோனார். குழாயடிச் சிமெண்டில் முட்டிபோட்டு, ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, இருதயமேரி இதுவரை எந்த ஆண்பிள்ளையிடமும் கேட்காத குரலில் அழுதார். செத்தவனுக்கு இன்றைக்குத்தான் ஒப்பாரி வைத்ததைப்போல இருந்தது. கென்னத் அவளிடம் திரும்பி, "அம்மா, நீங்க முன்னால போங்க. அப்பா பாவசங்கீர்த்தனம் செய்யணும்" என்றான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

முன்வாசலில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அர்ச்சுனன் மனைவி குமுதா குடையோடு வந்து, நாளைக்குப் பூசைக்கு அவர்களும் வரலாமா, சேலை எந்தக் கலரில் கட்ட வேண்டும் என்று கேட்டாள். எந்தக் கலரும் கட்டலாம் என்று இருதயமேரி சொன்னாள். அழுதீங்களாக்கா என்று கேட்டதற்கு வெங்காயம் என்றாள்.

அரைமணி நேரம் கழித்து மத்தியாஸ் உள்ளேயிருந்து வந்தார். கண் வீங்கியிருந்தது. அவளுக்கு முன்னால் வந்து நின்று, உங்கிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கணும் மேரி என்றார். இப்ப கேக்காதீங்க, எனக்கு இன்னும் நெஞ்சு அடங்கல, அப்பறம் கேளுங்க என்றாள். நிஜமும் அதுதான். அவர் தலையாட்டிவிட்டு அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து, நாளைக்குக் கோயிலுக்குப் போட்டுக்கொள்ள இஸ்திரி போட உட்கார்ந்தார்.

அவள் பின்கட்டுக்குப் போனாள். கென்னத் இன்னும் குழாயடியில்தான் இருந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டவன், அவரை எழுப்பி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் எழவில்லை. மகன் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறான், அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவள் போனாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கை பாதியில் நின்றுவிட்டது.

"என்னாடா?"

"எங்க பட்டாளத்துல ஒரு பையன் இருந்தான்மா. இருவத்திரண்டு வயசு. மூணு தடவ எங்கிட்ட வந்தான். பாவசங்கீர்த்தனத்துக்கு இல்ல, சும்மா பேச. எங்கேயோ சண்டைக்குப் போனப்ப ஒரு வீட்டுல ஒரு ஆளச் சுட்டுட்டானாம். மூணு தடவயும் அதேதான் கேட்டான். மூணு தடவயும் நான் சொன்னேன், பாவமில்லப்பா, கடமைன்னு. அவன ஆறுதல்படுத்துறோம்னுதான் சொன்னேன்."

"அப்பறம்?"

"நாலாவது தடவ வரல. அவன் சவப்பெட்டிய நான்தான் மந்திரிச்சு அனுப்பினேன்."

இருதயமேரி குழாயைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவனைச் சுடவில்லை, அவனே உயிரை மாய்த்துக்கொண்டான் என்பது அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது.

"பெத்தவ இருக்காளா?"

"இருக்காங்க. அடக்கத்துக்கு வந்தாங்க. என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு, எம்பிள்ளைக்கு ஆறுதலா இருந்தீங்களே ஃபாதர், ரொம்ப நன்றின்னு அழுதாங்க. மாசா மாசம் கடுதாசி போடுறாங்க."

மழை மறுபடியும் பலத்தது.

"போயி அவகிட்ட சொல்லு" என்றாள்.

"என்னன்னும்மா?"

"உன் மகன் கேட்டுக்கிட்டே இருந்தான், நான் காது குடுக்கலன்னு சொல்லு."

"சொன்னா அவங்க என்னைய மன்னிக்கவே மாட்டாங்கம்மா."

"வேணாம். மன்னிக்காம இருக்கட்டும்" என்றாள் இருதயமேரி. "சொல்லிட்டு வா."